அடைப்பை நீக்குதல்

அக்டோபர் 12

காலையிலிருந்து மழை. கணக்கு கைடின் அச்சுப் படிகள் தபாலில் வந்தன. எட்டாவது பாடம்: 'அடைப்புக்குறிகள் உள்ள ஒருபடிச் சமன்பாடுகள்.' கணக்குகளை உருவாக்கியவர் அண்ணன். விடைகளைப் போட்டு, சரிபார்த்து அனுப்ப வேண்டியவன் நான். இருபது வருடமாக எங்களுக்குள் இதுதான் ஏற்பாடு. அவர் ஓய்வுபெற்ற கணக்காசிரியர். நான் அரசு அலுவலகத்தில் புள்ளிவிவரம் கூட்டிக் கழித்து ஓய்வுபெற்றவன். அவருக்குக் கேட்கத் தெரியும், எனக்குப் பதில் சொல்லத் தெரியும் என்று மதினி கேலி செய்வதுண்டு.

அண்ணன் ஆடி மாதம் பௌர்ணமியை ஒட்டி இறந்தார். அவிட்ட நட்சத்திரம். அவிட்டத்தில் போனால் ஆறு மாதம் அடைப்பு. உயிர் பிரிந்த அறையைப் பூட்டி வைக்க வேண்டும், சாயந்தரம் அறை வாசலில் விளக்கேற்றி ஒரு தம்ளர் தண்ணீர் வைக்க வேண்டும், தை கடைசியில் ஐயர் வந்து ஹோமம் செய்து திறப்பார். அதுவரை போனவர் முழுக்கப் போகவில்லை என்று கணக்கு. நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. நம்பவில்லை என்று யாரிடமும் சொன்னதும் இல்லை.

அறைச் சாவி பூஜை அலமாரியில் இருக்கிறது. என் மேஜை அந்த அறைக்கு அடுத்த சுவரை ஒட்டி இருக்கிறது. இடம் மாற்றலாம் என்று நினைத்தேன். ஏன் மாற்றினேன் என்று மதினி கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

அக்டோபர் 13

அரிசி, உளுந்து, மதினியின் மாத்திரைகள் வாங்கினேன். குடை கம்பி ஒன்று முறிந்துவிட்டது.

அக்டோபர் 15

மங்கை கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். அண்ணனின் ஒரே மகள்.

"சித்தப்பா, அம்மாவோட ரிப்போர்ட்ட ரெண்டாந்தடவையும் இங்க டாக்டர் பாத்துட்டாரு. இருதய வால்வு சுருங்கிக்கிட்டே வருதாம். ஆபரேஷன தை மாசம் வரைக்கும் தள்ளக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு. நீங்க சொல்லி இங்க அனுப்புங்க."

"நான் சொன்னா மதினி கேக்கணுமே."

"யாரு சொன்னாலும் 'அப்பா உள்ள இருக்கும்போது நான் எப்படி வர'ன்னுதான் சொல்லுதா. அடைப்பு முடியட்டும்ங்கா. அடைப்பு முடியறதுக்குள்ள அவ முடிஞ்சிருவா சித்தப்பா."

போனை வைத்த பிறகு மதினியைப் பார்த்தேன். மதியச் சோற்றைத் தட்டில் இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு பாதியை இலையில் வைத்து அடைத்த கதவுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். காக்கைக்குப் போடுவதற்கு முன் கொஞ்ச நேரம் அங்கே வைப்பது அவர் வழக்கம். செண்பகவடிவு என்று பெயர். கல்யாணமாகி வந்தபோது பெயருக்கு ஏற்றபடி இருந்தார். இப்போது ரவிக்கைக் கை தோளில் நிற்கவில்லை.

அக்டோபர் 16

பாடம் எட்டு, கணக்கு நான்கு.

5(x − 2) − 3(x − 6) = 2

இந்த மாதிரிக் கணக்கில் எனக்கு எப்போதும் ஒரு கண்டம் உண்டு. அடைப்புக்கு முன்னால் கழித்தல் இருந்தால், அடைப்பை நீக்கும்போது உள்ளே இருப்பவை எல்லாவற்றின் குறியும் மாற வேண்டும். நான் முதலில் இருப்பதை மாற்றுவேன். இரண்டாவதை அப்படியே விட்டுவிடுவேன். எம்.எஸ்ஸி. படித்தவன் செய்கிற பிழை இல்லை. இருந்தும் செய்வேன். அண்ணன் எதிரே உட்கார்ந்திருந்தால் "தப்பு" என்று சொல்ல மாட்டார். லேசாகத் தொண்டையைச் செருமுவார். நான் உடனே அடித்துவிட்டு மேலே பார்ப்பேன்.

இன்று 5x − 10 − 3x − 18 = 2 என்று எழுதி, 2x = 30, x = 15 என்று முடித்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ செருமினார்கள்.

திரும்பப் பார்த்தேன். பதினெட்டின் குறியை மாற்றவில்லை. +18 வர வேண்டும். சரியான விடை −3.

அக்டோபர் 17

பரணில் எலி இருக்கும். அல்லது மேல்தொட்டிக் குழாயில் காற்று. பழைய வீட்டில் இப்படிச் சத்தங்கள் கேட்பது இயல்பு.

இன்று போட்ட ஏழு கணக்குகளிலும் பிழை இல்லை. சத்தமும் இல்லை.

அக்டோபர் 20

மதினி மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். பிடித்து இறக்கினேன். என்னைப்போல ஒரு கிழவனே தூக்கிவிடக்கூடிய கனம்தான் இருக்கிறார்.

சாயந்தரம் ஐயரைப் பார்க்கப் போனேன். கோவில் வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்.

"அடைப்ப முன்னாடியே திறக்க வழி இருக்கா சாமி?"

"அவிட்டம்னா ஆறு மாசம். அதுல நான் என்ன தள்ளுபடி குடுக்க முடியும்?"

"அவிட்டம் இல்லைன்னா?"

உதைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அன்னிக்கு விடியக்காலம் மூணு மணி வரைக்கும் திருவோணம். அதுக்கப்புறம் அவிட்டம். திருவோணத்துல போயிருந்தா அடைப்பே கிடையாது. ஹோமமும் வேண்டாம், நானும் வேண்டாம். இன்னிக்கே திறந்து பெருக்கி விடுங்கோ. ஆனா உங்க மன்னி என்ன சொன்னா? நாலரைக்கு இருமல் கேட்டுதுன்னு சொன்னா. இருமினவர் உயிரோடதானே இருந்திருப்பார்?"

"ஆமா சாமி."

"நீங்க கணக்குத் தெரிஞ்சவர். நேரத்தை நீங்க சொல்லுங்கோ. நட்சத்திரத்தை நான் சொல்றேன்."

ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

அக்டோபர் 21

அன்றைய காலையை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

ஐந்தரை மணி சுமாருக்கு மதினி என் அறைக் கதவைத் தட்டினார். "தம்பி, ஒங்க அண்ணன் எந்திரிக்கல" என்றார். போய்ப் பார்த்தேன். தெரு முனை டாக்டர் வந்தார். "ராத்திரி பன்னெண்டு, ஒரு மணிக்கே முடிஞ்சிருக்கும்" என்றார். மதினி, "இல்ல, நாலரைக்கு இருமுனாவ, நான் என் ரூம்ல இருந்து கேட்டேன்" என்றார். இருவரும் வெவ்வேறு அறையில் படுத்துப் பல வருடங்கள் ஆகின்றன. அண்ணனின் இருமல், மதினியின் தூக்கம், இரண்டுக்கும் ஒத்துவராது. துக்க வீட்டில் மனைவி சொன்னதை யார் மறுப்பார்கள்? அவிட்டம் என்று எழுதினோம்.

டாக்டர் சரியென்றால் திருவோணம். மதினி சரியென்றால் அவிட்டம். திருவோணம் என்று நிரூபித்தால் கதவைத் திறக்கலாம். கதவு திறந்தால் மதினி கோயம்புத்தூருக்குப் போவார். போனால் பிழைப்பார்.

ஆகவே தெரியாத எண் ஒன்றே ஒன்றுதான்.

அக்டோபர் 22

அறையைப் பூட்டுவதற்கு முன் கட்டிலடியைக் கூட்டியபோது எரிந்தது போக மிஞ்சிய கொசுவத்திச் சுருளை எடுத்து வைத்திருந்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. எந்தப் பொருளையும் தூக்கிப்போடுவதற்கு முன் ஒருமுறை யோசிக்கிற புத்தி. என் இழுப்பறையில் இருக்கிறது.

அண்ணன் ஒன்பது மணிச் செய்தி முடிந்ததும் சுருளை ஏற்றுவார். அதில் ஒருநாளும் மாற்றமில்லை. விழிப்பு வந்ததும் அணைப்பார். புகை இருமலைக் கிளப்பும் என்று பயம். உடைக்க மாட்டார். விரலை எச்சில் தொட்டு நெருப்பு முனையை நசுக்குவார். இந்தத் துண்டின் முனையும் நசுங்கித்தான் இருக்கிறது. தானாக அணைந்ததல்ல.

சுருளை அணைத்தபோது அவர் உயிரோடு இருந்தார். அந்த நேரம் மூன்றுக்கு முன் என்றால், அதன்பின் சீக்கிரமே முடிந்திருக்கலாம் என்று வாதாட இடமுண்டு. மூன்றுக்குப் பின் என்றால் அவிட்டம் உறுதி.

நூலைச் சுருளின் மேல் வைத்து அளந்தேன். மிச்சம் 21 செ.மீ. அதே வகையில் முழுச் சுருள் 96 செ.மீ.

அக்டோபர் 24

எரியும் வேகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அன்று அண்ணன் மின்விசிறியை இரண்டில் வைத்திருந்தார். ஒரு மணிக்கு டிரான்ஸ்பார்மர் வெடித்து மின்சாரம் போய்விட்டது, விடிந்துதான் வந்தது. தெருவே விழித்துக் கத்தியதால் அந்த நேரத்தில் சந்தேகமில்லை. காற்று இருந்தால் சுருள் வேகமாக எரியும், இல்லாவிட்டால் மெதுவாக. ஆகவே இரண்டு வேகம்.

பகலில் என் அறையைச் சாத்திக்கொண்டு சோதனை செய்தேன். மதினி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்ன தம்பி இது, பட்டப்பகல்ல? கொசுவ வெரட்டுதியளா, இல்ல மனுசன வெரட்டுதியளா?"

"ஒரு கணக்கு மதினி."

"கைடுல இப்ப பொகை போடறதெல்லாம் வருதா?" முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சுருளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "அவுக போடற ஜாதி" என்றார். போய்விட்டார்.

அக்டோபர் 25

விசிறியோடு மணிக்கு 12 செ.மீ. விசிறி இல்லாமல் 9. மூன்று முறை பார்த்தேன்.

அக்டோபர் 26

இன்று சோதனை செய்யவில்லை. ஜன்னல்களைத் திறந்து போட்டு அறையைக் கழுவியும் விட்டேன். சாயந்தரம் ஏற்றிய விளக்கு அணைந்துபோய், ஒன்பது மணிச் செய்திக்குப் பின் மதினி மறுபடி ஏற்றும்போது அடைத்த கதவின் அடியிலிருந்து கொசுவத்தி மணம் வந்தது. என் சட்டையில் ஒட்டிய மணமாக இருக்கும் என்று நினைத்து சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி போய் நின்றேன்.

மதினி என்னைப் பார்க்காமலே, "ஏத்துத நேரம்தானே" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை. விளக்கைத்தான் சொல்லியிருப்பார்.

அக்டோபர் 29

கணக்கு.

ஒன்பது மணியிலிருந்து அணைத்த நேரம் வரை x மணி. மின்சாரம் இருந்த நான்கு மணி நேரத்தில் எரிந்தது 48. அதன்பின் எரிந்தது 9(x − 4). மிச்சம் 21.

96 − 48 − 9(x − 4) = 21

அடைப்பை நீக்கினேன். 96 − 48 − 9x − 36 = 21. ஆகவே −9x = 9. x = −1.

அதாவது எட்டு மணிக்கு. ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அணைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்போது அந்தச் செருமல் கேட்டது. இந்த முறை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்று நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். இன்னும் கிட்டத்தில் கேட்டது.

இரண்டாவதின் குறியை மாற்றினேன். 96 − 48 − 9x + 36 = 21. 84 − 9x = 21. 9x = 63. x = 7.

திரும்பப் போட்டுப் பார்த்தேன். 7 − 4 = 3; 9 × 3 = 27; 48 − 27 = 21. பொருந்துகிறது.

விடியக்காலம் நான்கு மணி. அவிட்டம்தான். மதினி சொன்னதே சரி.

நான் உதவி செய்யப்போய்க் கதவை இன்னும் இறுக்கிப் பூட்டியிருக்கிறேன்.

நவம்பர் 1

மதினி குளியலறையில் விழுந்துவிட்டார். நெற்றியில் காயம். தெரு முனை டாக்டர் வந்து ஊசி போட்டார். வாசலில் என்னை நிறுத்தி, "சார், இன்னும் ரெண்டு மாசமெல்லாம் இந்த உடம்பு இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். நாளைக்கே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார்.

நான் தலையாட்டிவிட்டு, கேட்க நினைக்காததைக் கேட்டேன். "அண்ணன் நாலு மணிக்கு உயிரோட இருந்திருக்க முடியுமா டாக்டர்?"

"நான் அன்னிக்கே சொன்னேம்லா? தாடை, கழுத்து, கை, காலு முட்டு, எல்லாம் மரக்கட்ட மாதிரி வெறைச்சிருந்துது. ஒரு மணி நேரத்துல அப்படி ஆகாது. நீங்கதான் கைய நேராக்கப் பாத்திய. முடிஞ்சுதா?"

முடியவில்லை. இப்போது ஞாபகம் வருகிறது. வலது கை மட்டும் கட்டிலுக்கு வெளியே நீண்டு, தரையைப் பார்த்து நின்றது. கடைசியில் நானும் டாக்டரும் சேர்ந்துதான் மடக்கினோம்.

நவம்பர் 2

அப்படியென்றால் நான்கு மணிக்குச் சுருளை அணைத்தது யார் என்று ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். மறுபடி எழுதுகிறேன்.

நவம்பர் 4

நிதானமாக யோசித்தால் இதில் பயப்பட ஒன்றுமில்லை. அண்ணன் பன்னிரண்டுக்கே இறந்துவிட்டார். பின்னால் வேறொருவர் அறைக்குள் போயிருக்கிறார். புகை முகத்தில் படுகிறதே என்று சுருளை அணைத்திருக்கிறார். வீட்டில் இருந்தது மூன்று பேர். ஒருவர் இறந்தவர். ஒருவன் நான், தூங்கிக்கொண்டிருந்தேன். மிச்சம் ஒருவர்தான்.

அடைப்புக்குள் ஒரு உறுப்பு மட்டும் இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு இருந்திருக்கின்றன. என் பழைய பிழைதான்.

மதினி அதை ஒப்புக்கொண்டால் போதும். திருவோணம். கதவைத் திறக்கலாம்.

கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. இன்று கேட்கவில்லை.

நவம்பர் 5

இன்றும் கேட்கவில்லை. கணக்கு இருபது முதல் முப்பது வரை முடித்தேன்.

நவம்பர் 7

மழை விட்டு நல்ல வெயில். மதியச் சாப்பாட்டுக்குப் பின் மதினி அடைத்த கதவின் எதிரே பாயில் படுத்திருந்தார். நெற்றிக் கட்டு அவிழ்ந்திருந்தது. நான் புதிதாகக் கட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் முறிந்த குடையைப் பற்றிப் பேசினேன். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"மதினி, அன்னிக்கு ராத்திரி நீங்க அண்ணன் ரூமுக்குப் போனியளா?"

அவர் பதறவில்லை. "எப்பம் கேப்பியன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். "பகல் முழுக்கச் சுருளக் கொளுத்திக்கிட்டு இருந்தியள்லா, அப்பமே தெரிஞ்சுது."

"எப்பப் போனீங்க?"

"பன்னெண்டு இருக்கும். ஒரு சத்தம் கேட்டுது. போய்ப் பாத்தேன். மூச்சு இல்ல. மேலு சுட்டுக்கிட்டுதான் இருந்துது. கட்டில்லயே உக்காந்துட்டேன்."

"என்னை ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டா நீங்க வருவிய. நீங்க வந்தா டாக்டர் வருவாரு. அப்புறம் தெருவே வரும், சாதி சனம் வரும், மாலை வரும், அழுகை வரும். அதுக்கப்புறம் அவுக எனக்கு ஏது தம்பி? எத்தனையோ வருசம் கழிச்சு அன்னிக்குத்தான் அவுக பக்கத்துல உக்காந்தேன். விடியட்டும்னு இருந்தேன்."

 காரியம் முடிந்துவிட்டது என்ற நிம்மதி எனக்கு வந்தது. அதை மறைத்துக்கொண்டு, "சுருளையும் நீங்கதான் அணைச்சிருக்கீங்க. அதான் நேரம் குழம்பிட்டுது" என்றேன்.

மதினி எழுந்து உட்கார்ந்தார்.

"நான் தொடலியே."

கட்டுத் துணியின் மிச்சத்தை மடித்துக்கொண்டிருந்த நான் நிறுத்தினேன்.

"நான் இந்தப் பக்கம் கால்மாட்டுல இருந்தேன். சுருளு தலைமாட்டுக்குக் கீழ, அந்தப் பக்கம். கரெண்டு போயிட்டு. அந்தச் செவப்புப் பொட்டு மட்டும்தான் தெரிஞ்சுது. அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு, கட்டிலு லேசா அசைஞ்சுது. அந்தப் பொட்டுக்கு மேல ஒரு கை வந்துது. அணைஞ்சுது. அதுக்குப் பெறகு ஒரு தடவை இருமுனாவ."

வெளியே யாரோ சைக்கிளில் கீரை விற்றுக்கொண்டு போனார்கள்.

"பயமா இல்லியா?" என்று கேட்டேன்.

"அவுகதானே." நெற்றிக் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மூச்சு போனது பன்னெண்டுக்கு. சுருள அணைச்சது அப்புறம். ஐயரு நட்சத்திரம் கேட்டப்ப இதுல எதச் சொல்லன்னு எனக்குத் தெரியல. இருமினதச் சொன்னேன். நீங்க படிச்சவக. நீங்க சொல்லுங்க தம்பி. இதுல எது கணக்கு?"

நான் வாழ்நாளில் யாருக்கும் எதையும் உறுதியாகச் சொன்னவன் இல்லை. எந்த விடைக்கும் கீழே சிறிய எழுத்தில் 'மறுபடி சரிபார்க்கவும்' என்று எழுதுகிறவன். மதினி என் முகத்தையே பார்த்தார். கண்கள் பெரிதாகிவிட்டிருந்தன, முகம் அவ்வளவு வற்றிவிட்டது. இந்த அம்மாள் தை மாதத்தைப் பார்க்க மாட்டார் என்பது மட்டும்தான் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

"மூச்சு போனதுதான் கணக்கு மதினி" என்றேன். "திருவோணம். அடைப்பே கிடையாது. உள்ள யாரும் இல்ல."

கதவுக்கு அந்தப் பக்கம், மிக மெல்ல, ஒரு செருமல்.

மதினி கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. "அப்பம் திறந்துருவமா?" என்றார். "நாளைக்கே திறந்துரலாம்" என்றேன். என் குரல் நன்றாகத்தான் வந்தது.

நவம்பர் 8

காலை பத்து மணிக்குத் திறந்தேன். சாவி சிக்கவில்லை.

மூன்று மாதம் மூடிக் கிடந்த அறைக்கு ஒரு புழுக்க வாடை வேண்டும். இல்லை. தரையில் தூசி சீராகப் படிந்திருந்தது. தடம் எதுவும் இல்லை. கட்டில், நாற்காலி, காலண்டர் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. எலிப் புழுக்கைகூட இல்லை. நான் ஜன்னலைத் திறந்தேன்.

திரும்பியபோது மதினி இன்னும் வாசலில்தான் நின்றார். உள்ளே வரவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நிலையின் ஒரு ஓரமாக ஒதுங்கினார். பெரியவர்கள் வெளியே வரும்போது நம் வீட்டுப் பெண்கள் வழி விடுவார்களே, அந்த மாதிரி. நான் அறைக்குள்தான் இருந்தேன், கதவிலிருந்து தூரத்தில். வழி எனக்காக விடப்படவில்லை.

பிறகு அவர் சமையலறைக்குப் போய் இட்லிக்கு ஊற்றினார். ஐந்து இட்லி சாப்பிட்டார்.

மங்கைக்குப் போன் செய்தேன். அழுதாள். "என்ன சித்தப்பா சொன்னிய, இவ்வளவு சீக்கிரம் கேட்டுட்டா?" என்றாள். "கணக்குப் போட்டுக் காட்டினேன்" என்றேன்.

நவம்பர் 9

மேஜையை இடம் மாற்றவில்லை. இனித் தேவையில்லை. கணக்குகளில் வேண்டுமென்றே ஒரு பிழை செய்து பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

நவம்பர் 11

மங்கை காரோடு வந்து அழைத்துப் போனாள். மதினிக்குச் சேலை, மாத்திரை, பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் எடுத்து வைத்தேன்.

பின்சீட்டில் மதினி இந்தப் பக்க ஜன்னலோரம் ஏறினார். மங்கை சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து தாயாருக்குப் பக்கத்தில் உட்காரப் போனாள்.

"நீ முன்னால உக்காரு" என்றார் மதினி.

"எதுக்கும்மா? தோள்ல சாஞ்சுக்கலாம்லா."

"முன்னால உக்காருன்னா உக்காரேன் ஏட்டி. எடம் காணாது."

மூன்று பேர் தாராளமாக உட்காரும் சீட். மங்கை என்னைப் பார்த்து, "வயசாக ஆக அடம் பாருங்க" என்று சிரித்துவிட்டு முன்னால் போனாள். அவள் திறந்து போட்ட கதவு அப்படியே நின்றது. டிரைவர், "எல்லாரும் ஏறியாச்சா?" என்றார். "ஏறியாச்சு" என்றார் மதினி.

நான் அந்தக் கதவைச் சாத்தலாம் என்று காரைச் சுற்றிப் போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் அது சாத்தப்பட்டுவிட்டது. மதினிக்குக் கை எட்டியிருக்கும். எட்டாது என்று சொல்ல நான் சீட்டை அளந்து பார்க்கவில்லை.

"தம்பி, நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றார். "தனியா இருக்கமேன்னு நெனைக்காதிய." அப்புறம் என்ன நினைத்தாரோ, என் கையைப் பிடித்து, "ரெம்ப நன்றி தம்பி. ரெண்டு பேரு சார்பாவும்" என்றார்.

நவம்பர் 13

அச்சுப் படிகளைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பூட்டுவதற்கு எந்த அறையும் இல்லை. எல்லாக் கதவுகளையும் திறந்து போட்டிருக்கிறேன். உள்ளே போய்ப் பார்த்தேன், அண்ணன் கட்டிலில் சற்று உட்கார்ந்தும் பார்த்தேன். அறை அறையாக மட்டும் இருக்கிறது. எனக்குப் பயம் தெளிந்திருக்க வேண்டும். வெறுமையாக இருந்தது. ஐம்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவர், என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

நவம்பர் 19

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மங்கை செய்தி அனுப்பினாள். கோவிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்தேன். ஐயர் எதுவும் கேட்கவில்லை.

டிசம்பர் 2

மங்கை பேசினாள். வெகு நாளைக்குப் பின் குரலில் சிரிப்பு.

"அம்மா நல்லாத் தேறிட்டா சித்தப்பா. டாக்டரே நம்ப மாட்டேங்காரு. சொன்னா நம்ப மாட்டிய, ரெண்டு ஆளு சாப்பாடு சாப்பிடுதா. மொகம் உருண்டையாயிட்டு. நீங்க மட்டும் அன்னிக்கு எடுத்துச் சொல்லலன்னா…"

"நல்லது. ரொம்ப நல்லது" என்றேன். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. நான் ஒரு விடையைத் துணிந்து சொன்னேன். ஒரு உயிர் நின்றது. அதற்குமேல் எதையும் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

 அவள் கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சித்தப்பா, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காதிய. அம்மா ரூம்ல இருந்து, விடியக்காலம்…"

லைன் சரியில்லை, ஒன்றும் காதில் விழவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நன்றாகத்தான் கேட்டது.